பேட்டரி செத்த நாள்

எஸ்கில் பிறந்த ஆண்டு வந்த கேமரா.
வாங்கியது தோர்கெயிர். பிடித்துக்கொண்டது நான்.
அன்றிலிருந்து ஞாயிறுதோறும்
நோட்டில் எழுதியும் வைக்கிறேன்:
எத்தனை பல், எத்தனை நாள் காய்ச்சல்,
யார் யாரைக் கடித்தார்கள்.

வார்டோ தீவில் நவம்பர் கடைசியில் போகிற சூரியன்
ஜனவரி பாதி கடந்துதான் முகம் காட்டும்.
அந்த எட்டு வாரப் படங்களில்
என் பிள்ளைகள் நீலமாக இருக்கிறார்கள்,
மைக்கூட்டுக்குள் உட்கார்ந்து கஞ்சி குடிப்பவர்களைப் போல.
அதையும் விடவில்லை நான்.
தொட்டிலோரம் விளக்கைச் சாய்த்துவைத்து
சுன்னிவாவின் மூடிய இமைக்காகக் காத்திருப்பேன்.
விழித்து அழுதால் அந்த அழுகையும் ஒன்று.
நடக்கப் பழகியபோது அவள்
இரண்டடி வைத்து நிற்பாள்,
கிளிக் கேட்ட பிறகுதான் மூன்றாவது அடி.
எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன் அதை.

பதினான்கு ஆண்டுகள். நாற்பத்தோராயிரம் படங்கள்.
எங்கள் ஜன்னல் விளிம்பில் கடற்காகங்கள் கூடு கட்டிய வசந்தம்,
அதன் கீழே
தலையில் எச்சம் வாங்கிக்கொண்டு நிற்கும் எஸ்கில்.

போன சனிக்கிழமை அந்தப் படத்தைக் காட்டினேன்.
ரொட்டிக்குப் பழுப்புப் பாலாடைக்கட்டி சீவிக்கொண்டிருந்தவன்
ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னான்:
"அந்த நாள் எனக்கு ஞாபகமில்லை அம்மா.
படம்தான் ஞாபகம்."

அது போதாதா என்றேன்.

"நினைத்துப் பார்த்தால் என் உச்சந்தலை தெரிகிறது.
யாருக்காவது தன் உச்சந்தலை ஞாபகம் வருமா?
எல்லாவற்றிலும் நான்
உன் உயரத்திலிருந்துதான் தெரிகிறேன்."

குழம்பில் உப்புக் குறைவு என்பதுபோலத்தான் சொன்னான்.
சீவிய கட்டி ரொட்டியில் சுருண்டு கிடந்தது,
ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் நன்றாக விழுந்திருந்தது.
கேமராவைத் தேடிப் போன கையை
மேசைக்கடியில் மறு கையால் பிடித்துக்கொண்டேன்.

பிறகு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.
உன் உயரத்திலிருந்து எதுவுமே இல்லையா?

"ஒன்று இருக்கிறது.
சூரியன் திரும்பிய நாள். எனக்கு ஐந்து வயது.
குளிரில் உன் பேட்டரி செத்துப்போனது."

எனக்கு அந்த நாளின் எரிச்சல் மட்டும் ஞாபகம்.
ஊரே கோட்டைச் சுவரோரம் நின்றது.
நான் பேட்டரியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தேன்,
வாயருகே கொண்டுபோய் ஊதினேன்,
தோர்கெயிரைத் திட்டினேன்.
தொப்பி விளிம்பளவு வெளிச்சம் வந்து போனதை
பார்க்கவே இல்லை.
அன்றைய பக்கத்தில் ஒரே வரி:
மாற்று பேட்டரி இரண்டு வாங்க வேண்டும்.

"உன் பூட்ஸ் தெரிகிறது," என்றான்.
"இடது நாடா அவிழ்ந்து பனியில் கிடக்கிறது,
சுன்னிவா அதை மிதித்துக்கொண்டு நிற்கிறாள்.
என் காதில் உன் கோட்டு உரசுகிற சத்தம்.
எனக்கு முன்னால் பெரியவர்களின் முதுகுகள்,
சூரியனை நானும் பார்க்கவில்லை.
அண்ணாந்தால் உன் தாடை, அடியிலிருந்து.
அது மெல்ல ஆரஞ்சாக மாறியது."

பேசாமல் இருந்தேன்.

"அப்புறம் குனிந்து நீ ஒன்று சொன்னாய்."

என்ன சொன்னேன்?

கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு
தட்டைக் கழுவி வைத்தான்.
"எழுதிவிடுவாய்," என்றான்.
கதவு திறந்தது. காற்று வந்தது. கதவு மூடியது.

இன்று ஞாயிறு.
தோர்கெயிரைக் கேட்டேன். அப்படி ஒரு நாளா என்கிறார்.
சுன்னிவாவைக் கேட்டேன்.
"நான் எந்த நாடாவையும் மிதிக்கவில்லை,"
என்று கோபித்துக்கொண்டாள்.

நோட்டில் தேதி போட்டிருக்கிறேன்.
அதன் கீழே
பேனா ஊன்றி நின்ற ஒரு புள்ளி.